வண்டி திடீரென்று சீறினால்

காரணங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில், செய்ய வேண்டியது. நீங்கள் மிதிக்காமலே வண்டி வேகமெடுத்தாலோ, பிரேக்கை மிதித்தும் வண்டி முன்னால் பாய்கிறது என்று தோன்றினாலோ:

1. வலது காலை எல்லாப் பெடல்களிலிருந்தும் முழுதாக எடுங்கள்.
2. பிரேக்கைத் தேடி, ஒரே மிதியாக, உடல் பலம் முழுவதையும் கொடுத்து மிதியுங்கள். மிதித்த காலைத் தளர்த்தாதீர்கள்.
3. கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். மேனுவல் வண்டியானால் கிளட்சை அடிவரை மிதியுங்கள்.
4. இன்ஜின் அலறினாலும் பொருட்படுத்தாமல், இன்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டி நிறுத்துங்கள்.
5. வண்டி நின்ற பிறகு இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.

இந்த ஐந்தில் ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால், அது மூன்றாவதாக இருக்கட்டும். ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

இரண்டு காரணம், ஒரே அனுபவம்

வண்டி தானாகச் சீறுவதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று வண்டியின் பக்கம்: ஆக்சிலேட்டர் பெடல் மேட்டில் சிக்கிக்கொள்வது, கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது, த்ராட்டில் பகுதியில் அழுக்கு சேர்ந்து ஒட்டிக்கொள்வது, அரிதாக மின்னணுக் கோளாறு. இன்னொன்று ஓட்டுபவரின் பக்கம்: பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வேறு வேறு. ஓட்டுகிறவருக்கோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "பிரேக்கைத்தான் மிதித்தேன், பிடிக்கவே இல்லை" என்று இரு சாராரும் சொல்வார்கள். இரு சாராரும் அதை மனதார நம்பித்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று 1980-களில் பெரும் புகார் எழுந்தது. 1986 நவம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதை நாடு முழுக்கக் கொண்டுசென்றது. ஆடியின் விற்பனை சரிந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து 1989-இல் அறிக்கை கொடுத்தது. நின்ற நிலையிலிருந்து பாய்ந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பெடல் மாறி மிதித்ததுதான் என்றது அந்த அறிக்கை. இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் பார்க்கிலிருந்து நகர்கிறது அல்லவா? அந்தப் பூட்டு பரவலானதற்கு ஆடி விவகாரமே முக்கியக் காரணம்.

2019 ஏப்ரல் 19 அன்று தோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்தார்கள். வண்டியில்தான் கோளாறு என்று ஓட்டியவர் நீதிமன்றத்தில் வாதிட்டார். பெடல் மாறியதே காரணம் என்று 2021-இல் தீர்ப்பாகி, அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெடல் மாறுவதற்கு முதுமை மட்டும் காரணமல்ல. பின்னால் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸ் எடுக்கும்போது இடுப்பு திரும்புகிறது. அதோடு காலும் இருந்த இடத்திலிருந்து நகர்கிறது. பழக்கமில்லாத வண்டி, புதுச் செருப்பு, அவசரம், பின்னாலிருந்து ஒருவர் அடிக்கும் ஹாரன், இவை எல்லாமே காலைத் தடம் மாற்றும். எந்த வயதுக்காரருக்கும் இது நடக்கலாம்.

முதலில் காலை எடுக்கச் சொல்வது ஏன்?

கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. மனமோ அது பிரேக்கில் இருப்பதாக நம்புகிறது. வண்டி பாய்கிறது. உடனே மனம் என்ன சொல்லும்? "பிரேக் பிடிக்கவில்லை, இன்னும் அழுத்து" என்று. கால் இன்னும் அழுத்தும், வண்டி இன்னும் சீறும். அரை விநாடியில் திருத்தியிருக்கக்கூடிய பிழை, சுவரில் மோதும்வரை நீடிப்பது இப்படித்தான். "பிரேக்கை பலமாக மிதியுங்கள்" என்ற பொதுவான அறிவுரை மட்டும் இங்கே உதவாது. ஆபத்தைக் கூட்டவும் செய்யும்.

அதனால்தான் முதல் படி காலை முழுதாக எடுப்பது. கால் மாறியிருந்தால் அந்த நொடியே சீற்றம் அடங்கும். மேட் சிக்கியோ கேபிள் ஒட்டியோ இருந்தால், காலை எடுத்தும் சீற்றம் தொடரும். அப்போது இது வண்டியின் கோளாறு என்று தெரிந்துவிடும். இழந்தது அரை விநாடிதான்.

நியூட்ரல் இதைவிடவும் ஒரு படி மேல். உங்கள் கால் எந்தப் பெடலில் இருந்தாலும், கோளாறு எந்தப் பக்கம் இருந்தாலும், நியூட்ரல் சரியான செயலாகவே இருக்கும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை அது துண்டித்துவிடுகிறது. பிறகு ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் வரும். காலை நம்ப முடியாத நேரத்தில் கையை நம்பலாம்.

ஒரு மேட், நான்கு உயிர்கள்

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, சான்டீ என்ற ஊரில் நடந்தது இது. தன் கார் சர்வீஸில் இருந்ததால் ஒருவர் இரவலாகக் கிடைத்த லெக்சஸ் இஎஸ் 350 காரை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனார். அவர் பல ஆண்டு அனுபவமுள்ள நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. கார் 160 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் கட்டுக்கடங்காமல் ஓடியது. காருக்குள் இருந்தவர் அவசர எண்ணை அழைத்து, பிரேக் பிடிக்கவில்லை என்று பேசிக்கொண்டிருக்கும்போதே சாலை ஒரு சந்திப்பில் முடிந்தது. நான்கு பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்தவை நம் எல்லோருக்கும் பாடம். காரில் போட்டிருந்த ரப்பர் மேட் வேறொரு மாடலுக்கு உரியது. அதில் ஆக்சிலேட்டர் பெடல் சிக்கியிருக்கிறது. சில நாள் முன்பு அதே காரை எடுத்துச் சென்ற இன்னொருவருக்கும் இதே போல் மேட் சிக்கியிருந்தது. அவர் தப்பித்துவிட்டார், காரைத் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொல்லவும் செய்தார். மேட் மாறவில்லை. காரின் பிரேக்குகள் நீண்ட நேரம் அழுத்தப்பட்டுக் கருகியிருந்தன. இன்ஜினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை மூன்று விநாடி விடாமல் அழுத்த வேண்டும் என்பது இரவல் கார் ஓட்டும் ஒருவருக்கு எப்படித் தெரியும்?

இதன்பின் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறாக இருக்குமோ என்று அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களைக் கொண்டு சுமார் பத்து மாதம் ஆராய்ந்தது. அப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவித்தது. 2013-இல் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, வேறொரு விபத்தில், டொயோட்டாவின் மென்பொருள் மீதான குற்றச்சாட்டைக் கேட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நுகர்வோரிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-இல் டொயோட்டா 120 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்ட கேள்வியை, ஓடும் வண்டியில் உட்கார்ந்து ஐந்து விநாடியில் உங்களால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் தேவையில்லை. காரணம் எதுவானாலும் செயல் ஒன்றே.

பிரேக்: ஒரே மிதி

பிரேக் இன்ஜினை வெல்லுமா என்பது பலருக்கும் உள்ள சந்தேகம். வெல்லும், நேரத்தோடு மிதித்தால். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 2009-இல் ஒரு காம்ரி வி6 காரில் இதைச் சோதித்தது. மணிக்கு சுமார் 113 கி.மீ. வேகத்தில், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் பிரேக் பிடித்தபோது கார் 53 மீட்டரில் நின்றது. ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடியே பிரேக் பிடித்தபோது 58 மீட்டரில் நின்றது. வித்தியாசம் ஒரு காரின் நீளம்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: முதல் மிதியிலேயே முழு பலம் வேண்டும். இதற்குக் காரணம் பிரேக் பூஸ்டர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம்தான் உங்கள் கால் பலத்தைப் பல மடங்காக்குகிறது. ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் உருவாகாது. பூஸ்டரில் சேமித்து வைத்திருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு பம்ப் அடித்தால் அது தீர்ந்து, பெடல் கல்லாக இறுகிவிடும். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனாலோ, பிரேக் பேடுகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும்.

இடது காலையும் சேர்த்து இரண்டு காலாலும் மிதிக்கலாம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடல் அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல கார்களில், இரண்டு பெடலும் ஒன்றாக மிதிபட்டால் பிரேக்குக்கே முதலிடம் கொடுத்து இன்ஜினின் விசையைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் காரில் இருக்கிறதா என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கால் ஆக்சிலேட்டரில் மட்டும் இருந்தால் இந்த ஏற்பாடு எதையும் செய்யாது.

நியூட்ரல்: கை பழக வேண்டிய ஒரே அசைவு

வழக்கமான ஆட்டோமேட்டிக் லீவரில் டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு ஒரே தள்ளு. பெரும்பாலும் பட்டனை அழுத்தக்கூடத் தேவையில்லை. நம் ஊரில் அதிகம் விற்கும் ஏஎம்டி கார்களிலும் நியூட்ரல் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் தள்ளும் திசை மாடலுக்கு மாடல் மாறும். திருகும் குமிழ் வகையிலும், தொட்டுவிட்டு விட்டால் நடுவுக்குத் திரும்பிவிடும் மின்னணு லீவரிலும், நியூட்ரல் நிலையில் ஒரு விநாடி பிடித்துவைக்க வேண்டியிருக்கலாம். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் கார் அதை ஏற்காமல் போகக்கூடும்.

நியூட்ரலுக்குப் போனதும் இன்ஜின் காது கிழியக் கத்தும். "ஐயோ, இன்ஜின் போச்சே" என்று பலர் மறுபடி டிரைவுக்கே போட்டுவிடுவார்கள். வேண்டாம். இக்கால இன்ஜின்கள் ஒரு எல்லைக்கு மேல் சுழலாதபடி தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும். அப்படியே பழுதானாலும் அது பணத்தோடு போகும்.

ஓடும்போது ரிவர்ஸுக்கோ பார்க்குக்கோ போட முயலாதீர்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். லீவர் வகையானால் பட்டனை அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்பக்கம் சுழற்றிவிடும். மின்னணு வகையானால் ஸ்விட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலான கார்களில் அவசர பிரேக்காக வேலை செய்யும். இரண்டுமே கால் பிரேக்குக்குத் துணைதான், மாற்று அல்ல.

இன்ஜினை எப்போது அணைப்பது?

நியூட்ரலுக்குப் போக முடிந்தால், வண்டி நின்ற பிறகு அணையுங்கள். ஓடும்போது அணைத்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணை விசையும் போய்விடும். நியூட்ரல் விழவே இல்லை என்றால் மட்டும் ஓட்டத்திலேயே அணைக்கலாம். சாவி வண்டியில் ஒரு படி மட்டும் பின்னுக்குத் திருப்புங்கள். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் வண்டியில் மூன்று விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் அடுத்தடுத்துப் பலமுறை தட்டினாலும் அணையும். 100 கி.மீ. வேகத்தில் மூன்று விநாடி என்றால் 80 மீட்டருக்கு மேல். நியூட்ரலை முன்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதுவும் பலிக்காவிட்டால்

ஹாரனை விடாமல் அழுத்துங்கள், ஹசார்ட் லைட்டைப் போடுங்கள். பிறகு, எதில் மோதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நேருக்கு நேர் மோதுவதைவிடப் பக்கவாட்டில் உரசுவது எப்போதும் மேல். சென்டர் மீடியனையோ சாலையோர இரும்புத் தடுப்பையோ சிறு கோணத்தில் உரசிக்கொண்டே போனால் வேகம் குறையும். ஏற்றம், மணல், கருவேலம் புதர், உழுத வயல் எல்லாம் நல்லவை. மரம், பாலத்தூண், நிற்கும் லாரியின் பின்புறம், கிணறு, ஏரி ஆகியவற்றைத் தவிருங்கள். ஆட்கள் நிற்கும் பக்கம் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு

வண்டி பாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் வாயில் முதலில் வருவது "பிரேக்கைப் பிடிங்க! பிரேக்கைப் பிடிங்க!" என்பதுதான். ஓட்டுகிறவர் பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் இந்தக் கூச்சல் அவரை ஆக்சிலேட்டரில் இன்னும் அழுத்த வைக்கும். கத்த வேண்டியது வேறு:

"காலை எடுங்க! நியூட்ரல்!"

கத்தியும் பலனில்லை என்றால், கியர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இடது பக்க சீட்டில் இருப்பவர் வலது கையால் அதை நியூட்ரலுக்குத் தள்ளிவிடலாம். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஓட்டத் தெரியாதவர்களுக்கும் இந்த ஒரு வேலையைச் சொல்லிக்கொடுங்கள். வயதான அப்பா வண்டி ஓட்டும் வீட்டில், "அப்பா, காலை எடுங்க!" என்று சொல்ல மகளோ மருமகனோ பழகியிருப்பது பெரிய காப்பு.

வண்டிக்கு வண்டி மாறுபவை

*மேனுவல் கார்.* கிளட்சை அடிவரை மிதித்தாலே சக்கரத்துக்கு இன்ஜின் விசை போகாது. கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதிப்பது பழக்கமான செயல் என்பதால் மேனுவல் ஓட்டுபவர் இங்கே அதிர்ஷ்டசாலி. மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறியவர்கள் முதல் சில வாரம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வேலையில்லாத இடது கால் பழக்க தோஷத்தில் இல்லாத கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும்.

*டீசல் வண்டி.* டர்போவின் சீல் போய் இன்ஜின் ஆயிலே உள்ளே கசிந்து எரிய ஆரம்பித்தால், சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. புகையைக் கக்கிக்கொண்டு தாறுமாறாகச் சுழலும். ஓடும்போது நடந்தால் நியூட்ரல் போட்டு வண்டியை நிறுத்துங்கள். நின்ற பிறகு, மேனுவலானால், பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி அணையும். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

*மின்சாரக் கார்.* நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை கிடைக்கும் என்பதால் பாய்ச்சல் சட்டென்று நடக்கும். முன்னெச்சரிக்கையாகக் கத்த இன்ஜினும் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டாலே வேகம் குறையும் ஒற்றைப் பெடல் முறையில் பழகியவர்களின் கால், பிரேக்குக்குப் போகும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது அந்த வசதியைக் குறைத்து வைத்து, பிரேக்கை மிதித்தே நிறுத்திப் பழகுங்கள்.

*கியர் பைக்.* ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கினால் கிளட்சைப் பிடித்து, கில் ஸ்விட்சைத் தட்டி, இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள்.

*ஸ்கூட்டர்.* இதில் கிளட்ச் இல்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, கைப்பிடியை முன்னோக்கி முறுக்கித் திருப்புங்கள். கில் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் நேர்ப்பாதையில் சாவியை அணையுங்கள்.

ஸ்கூட்டரில் கேபிள் சிக்குவதைவிட அதிகம் நடப்பது கை முறுக்கிவிடுவது. வண்டி குலுங்கினால் உடல் பின்னுக்குச் சாயும். கைப்பிடியைப் பற்றியிருக்கும் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும். ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். இரண்டு சூழல்களில் இது வாடிக்கை. ஒன்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டு வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏற்றுவது. இன்னொன்று, முன்னால் நிற்கும் குழந்தை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகுவது. தள்ளும்போது இன்ஜினை அணையுங்கள். குழந்தையை முன்னால் நிறுத்தியபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கடை வாசலில் நிறுத்திப் பேசும்போது சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுக்க

மேட். ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட்தான் இருக்க வேண்டும். கம்பெனி மேட்டின் மேல் கடையில் வாங்கிய கனத்த மேட்டைப் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம், ஆபத்தும் அதுவே. மேட் தரையிலுள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைக் கையால் அடிவரை அழுத்தி விட்டுப் பாருங்கள்: எதிலும் உரசாமல் துள்ளித் திரும்ப வேண்டும். வாட்டர் வாஷ் முடிந்து வண்டி வரும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் பாட்டில். சீட்டுக்கடியில் உருளும் பாட்டில் பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் நின்றால் பிரேக்கே மிதிபடாது. ஓட்டுநரின் காலடியில் குடை, செருப்பு, பை என்று எதுவும் இருக்கலாகாது.

காலணி. பின்பட்டை இல்லாத செருப்பும் ஈரமான அடிப்பகுதியும் பெடலில் வழுக்கும். மழையில் நனைந்து வந்தால் காலை மேட்டில் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

உட்காரும் விதம். பிரேக்கை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருந்து, முன்பாதம் மட்டும் ஆக்சிலேட்டருக்குச் சாயட்டும். ரிவர்ஸ் எடுத்து முடித்ததும் நேராக உட்கார்ந்து, ஒரு முறை பிரேக்கை மிதித்து உறுதி செய்த பிறகு கியரை மாற்றுங்கள்.

பார்க்கிங். நின்ற இடத்திலிருந்து ஒரு சாதாரண கார் முழு விசையில் பாய்ந்தால், ஐந்தாறு மீட்டர் இடைவெளி இரண்டு விநாடியில் தீர்ந்துவிடும். திருத்திக்கொள்ள நேரமே இருக்காது. ஆகவே அடுக்குமாடித் தரைத்தளத்திலும் கடை வாசலிலும் பிரேக்கின் மேலேயே காலை வைத்து, அதைத் தளர்த்தித் தளர்த்தியே வண்டியை ஊரவிடுங்கள். "வா, வா, வரலாம்" என்று கைகாட்டுபவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டாம், பக்கவாட்டில் நிற்கட்டும்.

புது வண்டி பூஜை. பழகாத பெடல், சுற்றிலும் உறவினர் கூட்டம், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம், "லேசா முன்னாடி எடுங்க" என்ற குரல்: பெடல் மாறுவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேறு இல்லை. 2025-இல் தில்லியில் ஒரு ஷோரூமில் இந்தச் சடங்கின்போது, முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புது வண்டி சாலையில் விழுந்தது. பழம் நசுக்குவதை விட வேண்டியதில்லை. வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. எதிரே சுவரோ படியோ இல்லாத திறந்த இடமாக இருக்க வேண்டும். அந்த மாடலை ஓட்டிப் பழகியவர் எடுக்க வேண்டும்.

பெடல் மாறி மிதிப்பதால் வரும் விபத்தைத் தடுக்க ஜப்பான் விதியே கொண்டுவந்திருக்கிறது. முன்னால் தடை இருக்கும்போது ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் விசையைத் தடுக்கும் கருவி, அங்கே 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்குக் கட்டாயமாகிறது. முதியவர் ஓட்டப்போகும் காரை வாங்கும்போது, இப்படி ஒரு வசதி அதில் உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

படித்தது கைக்கு வர ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆளில்லாத மைதானமோ, இன்னும் வீடு கட்டாத மனைப்பிரிவுச் சாலையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி நின்றபடியே, இன்ஜின் ஓட, பிரேக்கில் கால் வைத்து, கியரைப் பார்க்காமல் டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிப் பழகுங்கள். கை தானாக அங்கே போகும்வரை செய்யுங்கள். அடுத்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரு கணம் ஓங்கி மிதித்து அந்தச் சத்தத்தைக் கேளுங்கள்; கேட்ட சத்தம் பிறகு பயமுறுத்தாது. மூன்றாவதாக, 30 கி.மீ. வேகத்தில் போய், பக்கத்தில் இருப்பவர் "காலை எடுங்க! நியூட்ரல்!" என்றதும் காலை எடுத்து, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி நிறுத்துங்கள். டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றுவதால் கியர் பெட்டிக்குச் சேதமில்லை. பிறகு இடம் மாறி உட்கார்ந்து, வீட்டில் ஓட்டும் எல்லோரும் செய்யுங்கள். வண்டி மாற்றும்போதும், வாடகைக்கோ இரவலுக்கோ எடுக்கும்போதும், கிளம்பும் முன் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நியூட்ரல் எந்தப் பக்கம், இன்ஜினை ஓட்டத்தில் அணைப்பது எப்படி, மேட் சரியாக மாட்டியிருக்கிறதா.

வண்டி நின்ற பிறகு

மறுபடி ஸ்டார்ட் செய்து "இப்போது சரியாகிவிட்டதா" என்று பார்க்க வேண்டாம். எல்லோரையும் சாலையிலிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள். அடிபட்டவர் இருந்தால் 108; மற்ற அவசரத்துக்கு 112. விபத்தில் யாரேனும் காயமடைந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநரின் கடமை.

பிறகு, எதையும் நகர்த்தும் முன், பெடல்கள், மேட், காலடியில் கிடக்கும் பொருட்கள் ஆகியவற்றை செல்போனில் படம் எடுங்கள். டாஷ்போர்டில் எரியும் விளக்குகளையும் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வண்டியை ஓட்டிச் செல்லாமல் கட்டி இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

மேட்டோ பாட்டிலோதான் காரணம் என்று தெரிந்தால், அதை எடுத்துப் போட்டதோடு விஷயம் முடியும். காரணம் தெரியவில்லை என்றால், "ஒன்றுமில்லை சார், எடுத்துட்டுப் போங்க" என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். என்ன சோதித்தார்கள், கணினியில் பிழைக் குறியீடு பதிவானதா என்பதை எழுத்தில் கேளுங்கள். குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2019 சட்டத் திருத்தத்தால் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரே மாடலைப் பற்றிப் பலரும் புகாரைப் பதிவு செய்தால்தான் அந்த அதிகாரம் அசையும். சான்டீயில் முதல் ஆள் வாய்மொழியாகச் சொன்ன எச்சரிக்கை அடுத்த ஆளைக் காப்பாற்றவில்லை. உங்கள் புகாராவது எழுத்தில் இருக்கட்டும்.